பேங்க்ஸ் துரைக்கு ஒரு பூச்சி

எங்கள் ஊரில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. கோவில்பட்டி வட்டாரத்தில் திண்ணைக்குத் திண்ணை தீப்பெட்டி ஒட்டிய காலம் அது. அச்சுப் பிசகியதும் மூலை நசுங்கியதும் சிறுவர்கள் பங்கு. அதற்குள் என்ன போடுவோம்? பொன்வண்டுதான். மழை விழுந்து கருவேலம் துளிர்க்கிற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடைப் பக்கம் போய்விடுவோம். பெட்டிக்குள் இரண்டு கொத்து இலையைத் திணித்து வண்டை வைத்து மூடினால், மறுநாள் திறக்கும்போது அரிசி மணிபோல முட்டை கிடக்கும்.

இதை வாங்கிக்கொள்ள வகுப்பில் ஒருவன் இருந்தான். வசதியான வீட்டுப் பையன். அவனிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. பாம்புச் சட்டை, மயில்பீலி, சோழி, காடை முட்டை, எங்கேயோ கிடைத்த ஆமை ஓட்டுத் துண்டு என்று அதில் எல்லாம் இருக்கும். பொன்வண்டுக்கு ஒரு முழுப் பலப்பம் தருவான். ஆனால் பலப்பத்துக்காக மட்டும் நாங்கள் கொண்டுபோய் நிற்கவில்லை. அவன் திறந்து பார்த்து, “ஏ, இது புதுசால்ல இருக்கு!” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முள்ளில் கிழிபட்டோம். சில சமயம், “இது எங்கிட்ட இருக்கு” என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவான். அன்றைக்குச் சோறு இறங்காது.

1786ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையிலிருந்து ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரப் பெட்டிக்காரன் ஞாபகம்தான். ஆண்டர்சன் தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். லண்டனில் திறந்து பார்க்கப்போகிறவர் சர் ஜோசப் பேங்க்ஸ்.

கலெக்டர் என்றால் நம் பக்கத்துக்கு வரி வசூலிக்கிற துரைதான். 1798இல் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் சந்தித்த ஜாக்சன் அப்படி ஒரு கலெக்டர். பேங்க்ஸ் வேறு வகைக் கலெக்டர். வரி கேட்கவில்லை. உலகம் முழுக்க இருந்து செடியும் விதையும் பூச்சியும் பாடம் செய்த மிருகமும் தாமாகவே அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தன. 1743இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் தகப்பனார் இறந்துபோக, லிங்கன்ஷயரில் பெரிய எஸ்டேட் கைக்கு வந்தது. ஆண்டுக்கு ஆறாயிரம் பவுண்டு அளவுக்கு வருமானம். அந்தக் காசில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் 1768இல் உலகம் சுற்றப் போனார். திரும்பி வந்து 1778இல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். 1820இல் சாகும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. லண்டன் சோஹோ சதுக்கத்தில் இருந்த அவர் வீட்டில் ஒரு பகுதி நூலகம், ஒரு பகுதி உலர்செடித் தொகுப்பு. கியூ தோட்டத்தில் என்ன நட வேண்டும் என்று அரசருக்கு ஆலோசனை சொல்வதும் அவர்தான்.

ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏதோ ஒரு மூலையில் வேலை பார்க்கிற மருத்துவருக்கோ பாதிரியாருக்கோ லெப்டினன்டுக்கோ பேங்க்ஸின் கண்ணில் படுவது பெரிய காரியம். சம்பளம் கூடலாம், பதவி வரலாம், ராயல் சொசைட்டியின் இதழில் பெயர் அச்சாகலாம். எதுவுமே இல்லாவிட்டாலும், “புதுசால்ல இருக்கு” என்று ஒரு வரி பதில் வரலாம். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்ச் சேர ஐந்தாறு மாதம், பதில் வர இன்னொரு ஐந்தாறு மாதம். காத்திருக்கத் தெம்பு வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழ்நாட்டுக் கடற்கரை அப்போது முன்வரிசையில் இருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். அங்கே 1768இல் மருத்துவராக வந்து இறங்கிய யோகான் கெர்ஹார்ட் கோனிக், ஸ்வீடனில் லின்னேயஸிடமே பாடம் கேட்டவர். ஊர் ஊராகச் சுற்றிச் செடி பறித்து வாத்தியாருக்கு அனுப்பினார். நம் வீட்டுப் புறக்கடைக் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் ‘பெர்கெரா கோனிகியை’ என்று பெயர் வைத்தது இந்த மாணவரை நினைத்துத்தான். ரசத்தில் மிதப்பதை ஓரமாக ஒதுக்கி வைக்கும்போது நாம் ஒதுக்குவது கோனிக்கையும் சேர்த்துத்தான். கறையானைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். 1785இல் சாகும்போது தம் குறிப்புகளையெல்லாம் பேங்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். காணிக்கைகளிலேயே பெரிய காணிக்கை அதுதான்.

அதே தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார். 1771இல் வந்தவர், 1813இல் இங்கேயே மண்ணானார். இவருடைய தகரப் பெட்டிக்காரர் பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர். மீன் சேகரிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. ஜான் அனுப்பிய மீன்களை வைத்துப் பிளாக் வர்ணித்தவற்றில் நம் கண்மாய்க் குறவையும் விராலும் அடக்கம். கத்தாளை இனத்துக்கு 1793இல் ‘ஜானியஸ்’ என்று பாதிரியார் பெயரையே வைத்தார். அதில் ஒரு வகைக்கு ‘ஜானியஸ் கருட்டா’ என்று பெயர். லத்தீன் என்று நினைத்துவிடக் கூடாது. மீனவர்கள் ‘கருத்த கத்தாளை’ என்று சொன்னது கப்பலேறிப் போய் அப்படி ஆகிவிட்டது. பிடித்துக் கொடுத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல் மட்டும் இருநூறு வருடமாக மீனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பனையேறிக் கெண்டையை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தங்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் மேலே ஏற முண்டிக்கொண்டிருந்ததைக் கண்டதாகப் பேங்க்ஸுக்கு எழுதினார். செவுள் மூடியை மரப்பட்டையில் மாட்டிக்கொண்டு, வாலை ஒரு பக்கம் வளைத்து, கீழ்த்துடுப்பை ஊன்றி ஏறியதாம். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் இது அச்சானது. மீனுக்குத் தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதன் வழியாகக் காற்றையே சுவாசிக்கும். செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு ஈரத்தரையில் நடந்தும் போகும். இதெல்லாம் உண்மை. பனை ஏறுவதைத்தான் பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. காக்கையும் பருந்தும் கவ்விக்கொண்டுபோய் மரத்து இடுக்கில் வைத்த மீன், லேசில் சாகாததால் அங்கே துடித்துக்கொண்டிருந்திருக்கும் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனாலும் பெயர் வைத்தவன் ஒன்றையும் பார்க்காமல் வைத்திருப்பானா என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்கிறது.

இனி ஆண்டர்சனுக்கு வருவோம்.

ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனியின் சென்னை மாகாணத்துக்குத் தலைமை மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். நோயாளியைப் பார்த்த நேரத்தைவிடச் செடியைப் பார்த்த நேரம் அதிகம் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு எழுதியிருக்கிறார். பட்டுப்புழு வளர்ப்பு, மொரீஷியஸ் பக்கத்துப் பருத்தி, கரும்பு என்று ஒன்று மாற்றி ஒன்று. 1786 டிசம்பரில் அவர் பேங்க்ஸுக்கு எழுதிய செய்தி இது: சென்னையில் ஒருவகைப் புல்லின் மேல் ஒரு பூச்சியைக் கண்டேன், நசுக்கினால் சிவப்பாக வருகிறது, இது கொச்சினீல்.

கொச்சினீல் என்றால் அன்றைக்குத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அடுத்தபடி. மெக்சிகோவில் கள்ளிச் செடியில் வளர்க்கிற ஒரு பூச்சி. அதைக் காயவைத்து அரைத்தால் வருவது, அதுவரை ஐரோப்பா கண்டிராத சிவப்பு. ஸ்பெயின் அதைப் பூட்டி வைத்திருந்தது. உயிரோடு பூச்சியை வெளியே கொண்டுபோகத் தடை. சாயச் சரக்கைப் பார்த்த ஐரோப்பியர்கள் விதையா, பழமா, பூச்சியா என்று வெகுகாலம் சண்டை போட்டார்கள். லேவன்ஹூக் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துக் காலும் வயிறும் இருப்பதைக் காட்டிய பிறகுதான் அடங்கியது. 1777இல் தியெரி டி மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஓஹாகா வரை போய்ப் பூச்சி ஒட்டிய கள்ளியைப் பெட்டிகளில் வைத்துக் கடத்தினார். ஆங்கிலேயருக்கு வயிற்றெரிச்சல். அவர்களுடைய ராணுவ அதிகாரிகள் உடுத்திய செஞ்சட்டை கொச்சினீலில் தோய்த்தது (சிப்பாய்க்கு மலிவான வேர்ச்சாயம்). தங்கள் பட்டாளத்துக்குச் சட்டை போட ஸ்பெயினுக்குக் காசு அழ வேண்டியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சியின் முள்வேலியைச் சுற்றி நின்ற அதிகாரிகளின் சட்டையிலும் மெக்சிகோப் பூச்சிதான் மின்னியிருக்கும்.

நம் பக்கம் இதற்காக யாரும் ஏங்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலோர மணலில் தோண்டி எடுக்கிற சாயவேர் நமக்கு இருந்தது. மதுரைச் சுங்குடியின் சிவப்பு அந்த வேரின் கொடை. பருத்திக்கு வேர்ச்சாயம் நன்றாகப் பிடிக்கும். கொச்சினீலுக்குக் கம்பளியும் பட்டும்தான் ராசி. விலங்கிலிருந்து வருகிற நூல் புரதம். சாயத்தின் அமிலம் அதோடு கைகோத்துக்கொள்ளும். பருத்தியில் அந்தப் பிடிமானம் இல்லை. கரிசக்காட்டில் விளைந்தது பருத்தி. லண்டன் கேட்டது கம்பளிக்கு ஏற்ற சாயம். ஆண்டர்சன் நீட்டிய தீப்பெட்டி லண்டனின் தேவையை நோக்கித்தான் நீண்டது.

பெட்டி திறக்கப்பட்டது. சாயத்துக்கு ஆகாது என்று பதில் வந்தது.

ஆண்டர்சன் செய்த தவறு இயல்பான தவறு. கொச்சினீலும் அரக்குப் பூச்சியும் மாவுப்பூச்சியும் ஒரே குலம். செடியின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகள். இந்தக் குலத்தில் பெரும்பாலும் பெண்ணின் வாழ்க்கையே ஒரே இடத்தில் முடிந்துவிடும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஆறு காலால் ஊர்ந்து இடம் தேடும். பிறகு மயிரிழை மாதிரியான வாயைச் செடிக்குள் குத்தி இறக்கிவிட்டால், பறப்பதில்லை, நகர்வதில்லை. மேலே மெழுகுப் போர்வை, உள்ளே முட்டை. ஆணுக்கு இறக்கை உண்டு, வாய் கிடையாது. சில நாள் பறந்து, சேர்ந்து, செத்துப்போகும். இப்படி உட்கார்ந்த இடத்தில் கிடக்கும் பூச்சி எறும்புக்கும் வண்டுக்கும் தட்டில் வைத்த பண்டம். அதனால் குலத்தில் சில கிளைகள் உடம்புக்குள் சிவப்புச் சரக்கைச் செய்துகொள்கின்றன. அரக்குப் பூச்சி செய்வது ஒன்று, கொச்சினீல் செய்வது இன்னொன்று. நசுக்கினால் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். எவ்வளவு, எந்தச் சிவப்பு, வெயிலிலும் துவைப்பிலும் நிற்குமா என்பது விரலில் தெரியாது. மெக்சிகோவில் வளர்ப்புப் பூச்சியின் காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாயமே இருக்கும். அப்படியும் ஒரு பவுண்டு சரக்குக்கு எழுபதாயிரம் பூச்சி வேண்டும் என்பார்கள். சென்னைப் புல்லில் இருந்த உறவுக்காரப் பூச்சியிடம் அந்தச் செல்வம் இல்லை.

ஆண்டர்சன் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. திருப்பிக் கொடுத்ததும் அடுத்த பெட்டியோடு வந்து நிற்கிற பையனைப் போலத்தான். கடிதங்களைத் தம் பாட்டுக்கு 1788இல் சென்னையிலேயே புத்தகமாக அச்சடித்தார். வெள்ளை மெழுகு கட்டுகிற இன்னொரு செதில் பூச்சியை ‘வெள்ளை அரக்கு’ என்று அனுப்பினார். அதை ஜார்ஜ் பியர்சன் என்பவர் சோதித்து 1794இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, நிஜக் கொச்சினீல் என்றைக்காவது வரும், வந்தால் தின்னக் கள்ளி வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போடப்பட்டது. கியூவிலிருந்து பேங்க்ஸ் ஏற்பாட்டில் செடி வந்தது. சீனா, மணிலாப் பக்கமிருந்தும் வந்தது. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி பார்த்துக்கொண்டார். கப்பலில் போகிறவர்களுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்குக் கள்ளி மட்டையைக் கறியாகத் தின்னலாம் என்றுகூட ஆண்டர்சன் பரிந்துரைத்தார். மாப்பிள்ளையே வராத கல்யாணத்துக்கு ஊர் முழுக்கப் பந்தல்.

1795இல் மாப்பிள்ளை வந்தார், ஆனால் ஆள் வேறு. நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் கப்பல் நின்றபோது கள்ளியோடு பூச்சியை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். வழியில் பெரும்பாலானவை செத்து, கொஞ்சம் மிஞ்சியது. அங்கே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த ராக்ஸ்பரோவிடம் ஒப்படைத்தார். மிஞ்சிய கொஞ்சம் அசுர வேகத்தில் பெருகியது. அதில் ஒரு பங்கு சென்னைக்கும் வந்தது. எல்லோருக்கும் கொண்டாட்டம். சாயம் எடுத்துப் பார்த்தால் சரக்கு மட்டம். இது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி அல்ல, தென்னமெரிக்கக் காட்டுப்பூச்சி. உடம்பு சிறிசு, சாயம் குறைவு, மெழுகு அதிகம். பிற்காலத்தில் இலங்கையில் கிடைத்ததை வைத்து அதற்கு ‘டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்’ என்று பெயரிட்டார்கள். பிறந்த ஊர் தென்னமெரிக்கா, பெயரில் ஊர் இலங்கை. செலவுக் கணக்கைப் பார்த்த கம்பெனி 1800 வாக்கில் கள்ளித் தோட்டத்தைக் கைகழுவியது. ஆண்டர்சன் 1809இல் இறந்தார். சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் சான்ட்ரீ செதுக்கிய அவருடைய சிலை இருக்கிறது. பளிங்கு வெள்ளை, சிவப்பு ஒரு பொட்டும் இல்லை.

பூச்சி என்ன செய்தது என்பதை அன்றைக்கு நஷ்டக் கணக்கில்தான் எழுதினார்கள். சாயம் தரவில்லை, அதோடு, இருந்த கள்ளியையும் தின்று தீர்த்துவிட்டது.

இங்கேதான் கரிசல் உள்ளே வருகிறது.

கள்ளி என்ற சொல் தமிழுக்குப் பழையது. சங்கப் பாட்டுக் கள்ளி பால் வடிகிற கள்ளி. திருகுகள்ளி, சதுரக்கள்ளி வகையறா. அது நம் மண்ணின் செடி. சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று நாம் சொல்லுகிற முள் மட்டைச் செடி அமெரிக்கக் கண்டத்துக்காரன். கொலம்பஸுக்கு முன் இந்தப் பக்கம் அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது. வந்தவனுக்கு நம் ஆட்கள் பழைய பெயரையே கொடுத்து, முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலிக்கு நட்டார்கள். ஆடு மாடு அண்டாது, தண்ணீர் கேட்காது என்றால் வானம் பார்த்த சம்சாரிக்கு வேறென்ன வேண்டும்?

தண்ணீர் கேட்காததற்குக் காரணம் உண்டு. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது உள்ளே இருக்கிற ஈரமும் ஆவியாகப் போய்விடும். கள்ளி பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கும். இரவு குளிர்ந்ததும் திறந்து, வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் அதை எடுத்துச் சமைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, உள்ளே கை விடுகிற அளவு இடுக்கு விழுந்து கிடக்கும்போதும் பொழியோரக் கள்ளி கொழுகொழுவென்று நிற்பது இந்த ராத்திரிச் சமையலால்தான். ஒரு மட்டை ஒடிந்து விழுந்தால் விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். பழத்தைத் தின்கிற பறவையும் நரியும் விதையை அடுத்த புஞ்சைக்குக் கொண்டுபோகும். வேலிக்கு நட்டது வேலியோடு நிற்கவில்லை. தரிசு, ஓடைக்கரை, சுடுகாடு, வண்டிப்பாதை என்று பிடித்துக்கொண்டே போனது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் செடி. எரிக்கலாம் என்றால் ஈரம்.

பிரேசிலிலிருந்து வந்த அந்தப் பூச்சி கள்ளியைக் கொல்கிறது என்பதை வடக்கே பார்த்தவர்கள், 1830களின் பிற்பாதியில் சாயத்துக்காக அல்லாமல் கள்ளியை அழிப்பதற்கென்றே அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். களையைத் தின்ன மனிதன் வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவிய முதல் நிகழ்ச்சி என்று உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் எழுதப்படுவது இதுதான். சாயக் கணக்கில் மட்டம் என்று தள்ளிய சரக்கு, வேறொரு கணக்கில் வரவு.

ஆனால் அந்தப் பூச்சிக்கு நாக்கு நீளம் குறைவு. தென்னமெரிக்கக் கள்ளியில் ஒரே ஒரு வகையைத்தான் தின்னும். அதை ஒழித்துவிட்டுப் பட்டினி கிடந்து தானும் ஒடுங்கியது. கரிசலில் அதிகம் பரவியதோ வேறு வகை. மஞ்சள் பூ, நீள முள், கருஞ்சிவப்புப் பழம். இதைப் பிரேசில் பூச்சி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆயிரம் ஆயிரம் தலைமுறையாக ஒரு செடியின் சாற்றுக்கே பழகிய வாய் அது.

என் தாத்தா வயசு சொல்வதற்கு வருஷக் கணக்கு வைத்திருக்கவில்லை. “கள்ளிக்குப் பூச்சி விழுந்த வருசம் எனக்கு மீச அரும்புன வயசு” என்பார். பயிருக்குப் பூச்சி விழுந்தால் வீட்டில் அழுகை. கள்ளிக்கு விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். “யாரு தாத்தா விட்டா அத?” என்று கேட்டால், “சர்க்கார் விட்டுச்சும்பாங்க. எங்களுக்குத் தெரிஞ்சு காத்துல வந்துச்சு” என்பார்.

இரண்டும் சரி. வட அமெரிக்கப் பூர்வீகம் கொண்ட இன்னொரு டாக்டிலோபியஸ் பூச்சி ஆஸ்திரேலியா வழியாக இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கு நம் மஞ்சள்பூக் கள்ளி பிரியமான தீனி. மட்டையை வெட்டி, பூச்சியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கள்ளிக்காட்டில் வீசியதோடு மனித வேலை முடிந்தது. மற்றதைக் காற்று பார்த்துக்கொண்டது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளின் முதுகில் நீளமாக மெழுகு இழைகள் இருக்கும். மட்டையின் நுனிக்கு ஏறி நின்று, காற்று வந்ததும் எருக்கு விதை மாதிரி மிதந்து போய்விடும். ஐந்தாறு வருடத்துக்குள் காடு காடாகக் கள்ளி வெளுத்து, தொங்கி, அழுகி விழுந்தது. கோயம்புத்தூரில் பூச்சியியல் பார்த்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இந்தப் பூச்சிகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதினார். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் சூறையாடியபோது, 2010இல் ஒரு சின்னக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அடக்கியதும் இதே யோசனையின் பேரப்பிள்ளைதான்.

கள்ளி அடியோடு போய்விடவில்லை. போவதும் இல்லை. பூச்சி பெருகினால் கள்ளி குறையும். கள்ளி குறைந்தால் பூச்சி ஒடுங்கும். கொஞ்ச நாளில் ஒரு மட்டை துளிர்க்கும். போன பங்குனியில் எட்டயபுரம் சாலையிலிருந்து பிரியும் வண்டிப்பாதை ஒன்றில் அப்படி ஒரு புதரைப் பார்த்தேன். சுற்றிலும் சீமைக்கருவேலம், அதற்குத் தின்ன ஆள் இன்னும் வரவில்லை. நடுவில் நாலு கள்ளி. மட்டையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. பக்கத்திலேயே பழம்.

பழத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்காதே. குச்சியால் தட்டி விழவைத்து, மண்ணில் உருட்டிச் சுணையைத் தேய்த்து, பிளந்து உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தின்ன வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாக்கும் உதடும் ரத்தச் சிவப்பு. வெள்ளைப் பஞ்சில் ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் நசுக்கினேன். அங்கேயும் அதே சிவப்பு.

பழத்தின் சிவப்பைத்தான் பூச்சி குடித்து வைத்திருக்கிறது என்று சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் தனித்தனி வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்தேன். எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டதும் பூச்சித் தண்ணீர் ஆரஞ்சுக்குப் போனது. பழத் தண்ணீர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கடுகளவு கரைத்து ஊற்றினேன். பூச்சித் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. பழத் தண்ணீர் மஞ்சளாக வெளிறிச் செத்துப்போனது. இரண்டும் வேறு வேறு சரக்கு. பழத்தில் இருப்பது பீட்ரூட்டில் இருக்கிற சாய வகை. பூச்சியில் இருப்பது கார்மினிக் அமிலம். பச்சை மட்டைச் சாற்றைக் குடித்துவிட்டு அது தானே செய்துகொள்வது. பெருவில் இன்றைக்கும் வளர்த்து, உதட்டுச் சாயத்திலும் தயிரிலும் மிட்டாயிலும் போடுகிறார்கள். பொட்டலத்தில் 120 என்ற எண் இருந்தால் அதுதான்.

எதற்காகச் செய்துகொள்கிறது? தாமஸ் ஐஸ்னர் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1980இல் சோதித்துப் பார்த்தார்கள். எறும்புக்கு வைத்த இனிப்பில் கார்மினிக் அமிலத்தைக் கலந்தால் எறும்பு ஒதுங்கிப் போகிறது. நகர முடியாத பூச்சியின் காவல் அந்தச் சிவப்பு. ஆனால் ஒரு கம்பளிப்புழு மட்டும் கொச்சினீலையே தின்று வளர்கிறது. அதை எறும்பு சீண்டினால், தின்ற சிவப்பையே கக்கி எறும்பை விரட்டுகிறது. கம்பெனிக்கும் மெக்சிகோப் பூச்சிக்கும் இருந்த உறவும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றியது.

என் தங்கச்சி பேத்திக்கு ஒன்பது வயசு. விருதுநகரில் படிக்கிறாள். அவளிடமும் ஒரு டப்பா உண்டு. பிளாஸ்டிக். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைத் திறந்து காட்டுவாள். மறுநாள் திரும்பவும் அந்த வண்டிப்பாதைக்குப் போய், பஞ்சு ஒட்டிய மட்டையில் ஒரு விரலகலத் துண்டை அரிந்து தீப்பெட்டிக்குள் வைத்தேன். நாலு நாள் கழித்து வந்தாள்.

“என்ன தாத்தா இது, பூஞ்சக்காளானா?”

“ஒரு குச்சி எடுத்து லேசா அமுக்கிப் பாரு.”

அமுக்கினாள். பெட்டியின் ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மெழுகுப் பஞ்சிலிருந்து நாலைந்து சின்னப் புள்ளிகள் ஊர்ந்து பெட்டியின் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தன. காற்றுக்காகத்தான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் பெட்டியை மூடினாள்.